டென்சிட்டி சொல்லாத கடையில் மெமரி ஃபோம் மெத்தை வாங்குவது எப்படி?

ஆச்சி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். சீர் சாமானில் 78×60 அளவில், 6 இஞ்ச் கனத்தில் மெமரி ஃபோம் (உடம்புச் சூட்டுக்கு இளகும் ஃபோம்) மெத்தை வைக்க வேண்டும். காரைக்குடியில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டீர்கள். உள்ளே என்ன ஃபோம், என்ன டென்சிட்டி என்று கேட்டால் ஒரு கடையில் "அது கம்பெனி சீக்ரெட்" என்கிறார்கள். அடுத்த கடையில் "ஹெவி டென்சிட்டிதான் ஆச்சி, பயப்படாதீங்க" என்கிறார்கள். மூன்றாவது கடையில் பளபளப்பான அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். யாரை நம்புவது என்கிறீர்கள்.

யாரையும் நம்ப வேண்டியதில்லை. மெத்தையை எடை போடுங்கள்.

ஃபோம் தயாரிப்பில் பெரிய செலவு பாலியால், ஐசோசயனேட் என்கிற ரசாயனங்களுக்குத்தான். ஒரு கன மீட்டர் ஃபோமுக்குள் எத்தனை கிலோ சரக்கு இருக்கிறதோ அதுதான் டென்சிட்டி. 50 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 50 கிலோ. மீதி இடமெல்லாம் காற்று. சரக்கைக் குறைத்தால் தயாரிப்பாளருக்குக் காசு மிச்சம். ஆனால் ஃபோமின் கண்ணறைச் சுவர்கள் மெலிந்து, தினமும் அமுங்கி அமுங்கி முறிந்துபோகும். இடுப்பு படுகிற இடத்தில் முதலில் குழி விழும். வாங்குகிற அன்று 40 டென்சிட்டிக்கும் 60 டென்சிட்டிக்கும் கையால் தொட்டு வித்தியாசம் தெரியாது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்த எண்ணை மட்டும் மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அட்டையில் அச்சடிப்பதன் காரணம் இதுதான்.

கடைக்காரர் வாயில் வருகிற "ஹெவி டென்சிட்டி"க்குப் பெரும்பாலும் "கெட்டியா இருக்கும்" என்றுதான் பொருள். கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. ரசாயனக் கலவையை மாற்றி 24 டென்சிட்டி ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம். 80 டென்சிட்டி ஃபோமையும் பஞ்சுபோலச் செய்யலாம். ஆகவே "ஹார்டா, சாஃப்டா" என்ற பேச்சைத் தனியாக வையுங்கள். அது படுக்கிறவர்கள் விருப்பம். தரத்துக்கு அளவுகோல் ஆகாது.

எந்த எண் சரி என்று கேட்பீர்கள். மெமரி ஃபோம் அடுக்கு 40-க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். 45, 50 விருந்தாளி அறைக்குப் போதும். இரண்டு பேர் தினமும் படுக்கிற மெத்தைக்கு 55 முதல் 65 வரை தேடுங்கள். 80 நெடுநாள் உழைக்கும், ஆனால் விலையும் கூடும், சூட்டையும் அதிகம் பிடித்து வைக்கும். அதற்கு அடியில் இருக்கும் பி.யு. (சாதாரண பாலியூரித்தேன்) ஃபோமுக்குக் கணக்கு வேறு: 28 சுமார், 32 நல்லது, ஆள் 90 கிலோவுக்கு மேல் என்றால் 40. "நம்ம மெத்தை 40 டென்சிட்டி" என்று ஒருவர் சொன்னால் எந்த அடுக்கு என்று கேட்காமல் நகராதீர்கள். அடி ஃபோமுக்கு 40 நல்ல எண். மேலே இருக்கும் மெமரி ஃபோமுக்கு அது மட்டமான எண்.

இப்போது எடைக்கு வருவோம். 78×60 மெத்தையில் ஒரு இஞ்ச் கனத்துக்கு 0.077 கன மீட்டர் ஃபோம் இருக்கும். எனவே டென்சிட்டியை 0.077 ஆல் பெருக்கினால் ஒரு இஞ்ச் அடுக்கின் எடை கிலோவில் வந்துவிடும். வேறு அளவு மெத்தை என்றால் நீளம், அகலம், கனம் மூன்றையும் இஞ்சில் பெருக்கி 61,000 ஆல் வகுத்தால் கன மீட்டர்.

கடைக்காரர் சொல்வது இப்படி என்று வைத்துக்கொள்வோம்: மேலே 1 இஞ்ச் மெமரி ஃபோம், 60 டென்சிட்டி, அடியில் 5 இஞ்ச் பி.யு., 32 டென்சிட்டி. மெமரி அடுக்கு 4.6 கிலோ. அடி ஃபோம் 12.3 கிலோ. மேலுறை, அதோடு சேர்த்துத் தைத்த குயில்டிங் எல்லாம் சேர்த்து 2.5 கிலோ வையுங்கள். மொத்தம் 19 கிலோவுக்கு மேல் வர வேண்டும். தராசில் 17 கிலோதான் காட்டுகிறது என்றால் இரண்டு எண்ணில் ஒன்றாவது பொய். அடி 28, மேல் 45 என்று போட்டுப் பாருங்கள்: 10.8, 3.5, உறை 2.5, கூட்டினால் 16.8. கிட்டத்தட்ட அதே எடை. அட்டையில் எழுதாததைத் தராசு சொல்லிவிட்டது. உறையின் எடையில் அரைக் கிலோ முன்பின் இருக்கலாம். இரண்டு கிலோ வித்தியாசத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

எடை போடுவது பெரிய வேலையில்லை. சுருட்டி உறையிட்ட மெத்தையை அரிசிக் கடை, பழைய இரும்புக் கடை எதிலும் இருக்கும் பிளாட்ஃபார்ம் தராசில் நிறுத்தலாம். கூரியரில் வருவதாக இருந்தால் பார்சல் ஸ்லிப்பில் எழுதிய எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பல நேரம் பார்சல் அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டு ஒரு எடை போடுவார்கள். அது நிஜ எடை இல்லை.

இந்தக் கணக்கை ஏமாற்ற இரண்டு வழி இருக்கிறது. முதலாவது ரீபாண்டட் ஃபோம். வெட்டித் தள்ளிய ஃபோம் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்திய பலகை அது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் பல நிறத் துணுக்குகள் தெரியும். அதன் டென்சிட்டி 80, 90, 100 என்று சாதாரணமாகப் போகும். இரண்டு இஞ்ச் ரீபாண்டட் 90 டென்சிட்டியில் வைத்தாலே 14 கிலோ ஏறிவிடும். மெத்தை 26 கிலோ காட்டும், தூக்கினால் கை வலிக்கும், மேலே இருக்கும் மெமரி ஃபோம் மட்டும் 45-ஆகவே இருக்கும். ரீபாண்டட் கெட்டது என்று சொல்ல வரவில்லை. கெட்டியான அடித்தளம் வேண்டும் என்கிறவர்களுக்கு அது பொருத்தமே. எடைக் கணக்கில் அதை முதலில் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது ஃபில்லர். ஃபோம் ஊற்றும்போதே கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், கலந்துவிடுவது. எடை ஏறும், உழைப்பு ஏறாது. பட்டில் ஜரிகை எடை கேட்கத் தெரிந்த ஊருக்கு இந்த வித்தை புதிதல்ல. கண்டுபிடிக்க, ஃபோமின் வெட்டு முகத்தைக் கருப்புத் துணியில் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் சந்தேகப்படலாம். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: நல்ல ஃபோம் இழுபட்டு நீண்டு பிறகு கிழியும், ஃபில்லர் அதிகமானது நீளாமல் பொடிப்பொடியாகப் பிய்யும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை வீட்டில் செய்யவே வேண்டாம். எரிகிற பாலியூரித்தேன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் வெட்டுத் துண்டு வேண்டுமே? கேளுங்கள். அடுக்குகளைக் காட்ட மாதிரித் துண்டு வைத்திருக்கும் கடைகள் உண்டு. மெமரி ஃபோமில் 4×4 இஞ்ச், 1 இஞ்ச் கனத்தில் ஒரு துண்டு கிடைத்தால் போதும். சமையலறை டிஜிட்டல் தராசு போதுமானது. ஒரு கிராம் தப்பும் வேண்டாம் என்றால் தெரிந்த நகைக் கடையில் நிறுத்துக்கொள்ளுங்கள். வருகிற கிராமை 3.8 ஆல் பெருக்குங்கள், டென்சிட்டி வந்துவிடும். 13 கிராம் என்றால் ஏறக்குறைய 50. 16 கிராம் என்றால் 61. 8 கிராம் காட்டினால் அது 30 டென்சிட்டிதான். மெமரி ஃபோம் என்ற பெயரில் விற்கிற மென்மையான பி.யு.-வாக இருக்கலாம். துண்டின் கனத்தை ஸ்கேல் வைத்துச் சரியாக அளக்க வேண்டும். ஒரு இஞ்சில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடையில் நூற்றுக்கு நான்கு தவறும். கடையில் கொடுக்கும் துண்டும் உங்களுக்கு வரும் மெத்தையும் ஒரே ஃபோமா என்று கேட்டால், அதனால்தான் முழு மெத்தை எடையையும் பார்க்கச் சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அதே துண்டை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். எடுத்தவுடன் மரக்கட்டைபோல விறைத்து, கைச்சூடு பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இளகினால் அது மெமரி ஃபோம். முன்பு இருந்ததுபோலவே இருந்தால் சாதாரண ஃபோம். கடையில் செய்கிற "கை அச்சு" சோதனையைவிட இது நம்பகமானது. கையை அழுத்தி எடுத்ததும் அச்சு மெதுவாக மறைவதை மட்டமான மெமரி ஃபோமும் செய்யும். அது ஃபோமின் வகையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. காற்று உள்ளே நுழைய முடியாதபடி கண்ணறைகள் அடைத்துக்கொண்ட ஃபோமும் மெதுவாகத்தான் எழும். துண்டில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் காற்று வந்தால் நல்லது. வரவே இல்லை என்றால் படுக்கையில் முதுகு வேகும்.

முதுகு வேகுவதைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். நீங்கள் மெத்தையைப் படுத்துப் பார்ப்பது 24 டிகிரி ஏ.சி. ஓடும் ஷோரூமில். அங்கே கெட்டியாகத் தாங்கும் அதே மெமரி ஃபோம், சித்திரை வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் அறையில் மிகவும் இளகி, இடுப்பை உள்ளே வாங்கிவிடும். "கடையில நல்லா இருந்துச்சு, வீட்டுக்கு வந்ததும் மாத்திட்டாங்க" என்ற புகாரில் பாதி இந்தச் சூட்டு வேலைதான். உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் முற்றமும் உள்ள பழைய வளவு வீட்டு அறையில் இவ்வளவு மோசம் இருக்காது. பெண் வாழப் போகும் அறை எது, ஏ.சி. இரவெல்லாம் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாது என்றால் மெமரி அடுக்கு 1 இஞ்சுக்கு மேல் வேண்டாம்; காசை அடி ஃபோமில் போடுங்கள். ஏ.சி.யே இல்லாத மாடி அறை என்றால் மெமரி ஃபோமை மறந்துவிட்டு நல்ல ரப்பரைஸ்டு காயர் (ரப்பர் சேர்த்த தேங்காய் நார்) மெத்தையோ, நம் இலவம்பஞ்சு மெத்தையோ எடுப்பது உத்தமம். சீரில் வைக்கப் பெருமையாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை வேர்க்க வைக்க வேண்டாம்.

கடையில் படுத்துப் பார்ப்பதென்றால் பத்துப் பதினைந்து நிமிஷம் படுங்கள். உடம்புச் சூடு ஏறி ஃபோம் இளக அவ்வளவு நேரமாகும். உட்கார்ந்து இரண்டு தடவை எம்பிப் பார்த்து ஒன்றும் தெரியாது. பிறகு மெத்தை நடுவில் முழங்காலிட்டு நில்லுங்கள். அடியில் பலகை தட்டுப்பட்டால் அடி ஃபோம் போதாது.

ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். "6 இஞ்ச் மெமரி ஃபோம் மெத்தை" என்று பில்லில் போடுவார்கள். உள்ளே 1 இஞ்ச் மட்டும் மெமரி ஃபோம் இருக்கும். இது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. 6 இஞ்சும் மெமரி ஃபோமாக இருந்தால் படுக்கவே முடியாது, புதைந்துவிடும் என்பதால் அதில் தவறில்லை. தவறு வேறு இடத்தில்: மெமரி அடுக்கின் மேல் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் சாதாரண ஃபோமை வைத்துக் குயில்டிங் தைத்திருப்பார்கள். முதலில் உட்காரும் குழி அந்தக் குயில்டிங்கில்தான். மேலுறை மெல்லிய பின்னல் துணியாக இருப்பதே மேல். வெளிநாட்டுச் சரக்காக இருந்து, உறையைக் கழற்றாதீர்கள் என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டும் கழற்றாதீர்கள். தீத்தடுப்புக்காகக் கண்ணாடி இழை வைத்த உறைகள் உண்டு, அது அறை முழுக்கப் பறந்து அரிக்கும்.

அட்டையில் இருக்கும் மற்ற சங்கதிகளை வேகமாகத் தாண்டிவிடலாம். ஜெல் என்றால் முதல் கொஞ்ச நேரம் சில்லென்று இருக்கும்; உடம்புச் சூட்டை வாங்கி நிறைந்ததும் வேலை முடிந்தது. மூங்கில் கரி, கற்றாழை எல்லாம் நிறமும் மணமும். "ஆர்த்தோ" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். "நாசா தொழில்நுட்பம்" என்பது பொய்யில்லை, 1966-இல் விமான இருக்கைக்காக நாசா ஆதரவில் சார்லஸ் யோஸ்ட் செய்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் இந்த ஃபோம். அதற்கும் உங்கள் மெத்தையின் 45 டென்சிட்டிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செர்டிப்யூர், ஓகோடெக்ஸ் முத்திரைகள் கெடுதலான ரசாயனங்கள் பற்றியவை. இருந்தால் நல்லதே. ஆனால் டென்சிட்டி எவ்வளவு என்று அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்று கடைகளையும் ஒப்பிட மாடல் பெயர் உதவாது. ஒரே மெத்தைக்குக் கடைக்குக் கடை வேறு பெயர் வைப்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். பதிலாக, விலையை ஃபோம் எடையால் வகுத்து, கிலோவுக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். ரீபாண்டட் உள்ளதை ரீபாண்டட் உள்ளதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு மூன்று கடைக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்புங்கள்:

"மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்கும் என்ன ஃபோம், எத்தனை இஞ்ச், டென்சிட்டி எத்தனை? உறையோடு மொத்த எடை எத்தனை கிலோ? எந்த மாதம் தயாரித்தது? இந்த விவரத்தைப் பில்லில் எழுதித் தருவீர்களா?"

வாயால் "60" என்று சொன்னவர் எழுதச் சொன்னதும் "40-50 இருக்கும் ஆச்சி" என்று இறங்குவார், பாருங்கள். எழுதித் தருகிற கடையில் ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருந்தாலும் அங்கேயே எடுங்கள். பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. எழுதித் தந்த எண்ணும் எடையும் முரண்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்த பில்தான் ஆதாரம்.

வாரண்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். 10 வருஷம் என்று போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில், ஆள் படுக்காத நிலையில் ஒரு இஞ்ச் அல்லது ஒன்றரை இஞ்ச் குழி இருந்தால்தான் செல்லும் என்றிருக்கும். மெமரி ஃபோம் பலம் இழந்த பிறகும் ஆள் எழுந்ததும் மெதுவாக மேலே வந்துவிடும், அளந்தால் குழி காட்டாது. கறை பட்டால் வாரண்டி கிடையாது என்பதும் அங்கேயே இருக்கும், எனவே முதல் நாளே மெல்லிய புரொடெக்டர் போட்டுவிடச் சொல்லுங்கள். ரெக்சின் மாதிரி தடித்தது வேண்டாம். அது சூட்டை அடைக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. சீர் சாமான்களை மாதக்கணக்கில் முன்னாலேயே வாங்கி வீட்டின் இரண்டாம் கட்டு அறைகளில் அடுக்கி வைப்பது நம் வழக்கம். வெற்றிடத்தில் அழுத்திச் சுருட்டிய மெத்தையை அப்படி வைக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு மேல் அழுந்திக் கிடந்தால் முழுக் கனத்துக்கு எழாமலே போகலாம். கடை குடோனில் எத்தனை மாதம் கிடந்ததோ அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தயாரிப்பு மாதம் கேட்கச் சொன்னது அதற்குத்தான். ஆடித் தள்ளுபடியில் எடுத்தால் அந்த வாரமே பிரித்து, கட்டிலில் விரித்து, மூன்று நாள் விடுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஸ்கேலால் கனத்தை அளந்து போட்டோ எடுங்கள். அரை இஞ்ச் குறைந்தால் அப்போதே மாற்றச் சொல்லலாம், கல்யாணம் முடிந்து சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். புது வாடை சில நாளில் போய்விடும். காற்றோட்டமாக வைத்தும் மூன்று வாரம் தாண்டி மூக்கில் ஏறினால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். வாடை போகட்டும் என்று இலவம்பஞ்சு மெத்தைபோல முற்றத்து வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெயிலின் புற ஊதாக்கதிர் ஃபோமை மஞ்சளாக்கி, பொடிய வைக்கும்.

கடைசியாகக் கட்டில். பாட்டி காலத்துத் தேக்குக் கட்டிலைச் சீராகக் கொடுப்பதாக இருந்தால் முதலில் அதன் உள் அளவை எடுங்கள். பழைய கட்டில்கள் 78×60 என்ற கணக்குக்கு அடங்காது, அளவு கொடுத்துத்தான் மெத்தை வெட்ட வேண்டியிருக்கும். சட்டங்களுக்கு நடுவே மூன்று இஞ்சுக்கு மேல் இடைவெளி இருந்தால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் காற்றுப் போக ஓட்டைகள் போட்டு மேலே விரியுங்கள். நாடாக் கட்டிலில் ஃபோம் மெத்தை நிற்காது. மாப்பிள்ளை வீட்டில் கட்டில் இல்லாமல் ஆத்தங்குடிக் கல் தரையில் விரிப்பதாகச் சொன்னால், வாரத்துக்கு ஒரு தடவை மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். வேர்வை ஈரம் குளிர்ந்த தரையில் தங்கி, அடிப்பக்கம் கருப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும்.

பில் போடுவதற்கு முன் மெத்தை எடையும் அடுக்கு விவரமும் வந்தால் இங்கே எழுதுங்கள் ஆச்சி, கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.